உள்ள போ, எடம் கீது

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் அந்த நீல நிறத் தனியார் பஸ்ஸுக்குள், டிரைவர் தலைக்கு மேலே, ஐம்பத்திரண்டு பேர் உட்காரலாம் என்று எழுதியிருக்கும். அதன் கண்டக்டர் அந்த வாக்கியத்தை ஒருநாளும் நம்பியதில்லை. "பெயின்ட் அட்ச்சவனுக்கு இன்னா தெரியும்? காலி பஸ்ஸுல குந்திகினு அட்ச்சான்" என்பார்.

"உள்ள போ, உள்ள போ, எடம் கீது" என்று எல்லாக் கண்டக்டர்களும்தான் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய். இவர் சொன்னால் இடம் இருக்கும். கூட்டத்துக்குள் கையை விடுவார். ஒரு தோளைப் பக்கவாட்டில் திருப்புவார், ஒரு கூடையைத் தரையிலிருந்து மடிக்கு ஏற்றுவார், தூங்குகிறவர் தலையை அடுத்தவர் தோளிலிருந்து எடுத்து ஜன்னல் கம்பியில் சாய்ப்பார். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குக் காலியிடம் பிறந்திருக்கும். திருக்கழுக்குன்றத்துக்கு உச்சிவேளையில் கழுகு பார்க்கப் போகிறவர்களும், மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வெறும் கூடையோடு கடலோரம் திரும்புகிற பெண்களும் ஒன்றாக ஏறும் நாட்களில் அவருடைய முகத்தில் ஒரு களை வரும். நல்ல பிட்ச்சைப் பார்த்த பௌலரின் களை.

ஒரு கல்யாணத்தில் அவரோடு பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சாம்பார் விழுந்தாயிற்று. வாசலில் நாலு பேர் அடுத்த பந்திக்காக நிற்பதைப் பார்த்துவிட்டார். கையில் சாதத்தோடு எழுந்தார். "அண்ணாத்த, கொஞ்சம் நவுரு. யம்மா, எலைய நேரா போடு, குறுக்கால எதுக்கு?" பெண்ணின் தாய்மாமா முறைத்தார். நாலு இலைகள் விழுந்தன. தாய்மாமாதான் நெய் பரிமாறினார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. செங்கல்பட்டுக் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. வீட்டுக்காரர் மெட்ராசில் இருந்தார். முன்கட்டில் கண்டக்டரும் அவர் மனைவியும், பின்கட்டு அறையில் நான். குடிவந்த அன்று என் டிரங்குப் பெட்டியையும் கட்டிலையும் வைத்த பிறகு எனக்கு நிற்க இடமில்லை. அவர் எட்டிப் பார்த்தார். கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தி, பெட்டியை அதன் கீழே தள்ளி, கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றிக்கொடுத்தார். இன்னொரு குமாஸ்தாவுக்கும் இடம் வந்துவிட்டது. நான் அவரை அண்ணாத்த என்றேன், அவர் மனைவியை அண்ணி. அவர் என்னைக் கூப்பிட்டது "கோர்ட்டு" என்று. "இன்னா கோர்ட்டு, நாஸ்தா ஆச்சா?" என்று காலையில் கேட்பார். ஒரு நீதிமன்றமே வாயில் பற்பொடியோடு கிணற்றடியில் நிற்பதுபோல் எனக்கே ஒரு மிதப்பு வரும்.

என் பயத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது இந்தக் கதையில் முக்கியப் பாத்திரம். குற்றப்பத்திரிகைகளை நகல் எழுதி எழுதி எனக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. நடப்பதெல்லாம் அந்த நடையிலேயே மண்டைக்குள் ஓடும். ஒருமுறை தெருநாய் துரத்தியபோது, "மேற்படி எதிரி, மேற்படி நாயைத் தூண்டும் விதமாக வேகமாக ஓடினார்" என்று வாசகம் அமைத்துக்கொண்டே ஓடியவன் நான். கடித்தது என்னைத்தான். எதிரியும், அதாவது கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவனும், நான்தான்.

அண்ணிக்கு வயிற்றில் கட்டி. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு மூடித் தைத்து அனுப்பிவிட்டார்கள். எதைச் சாப்பிட்டாலும் தங்காது. அரை டம்ளர் கஞ்சியை உள்ளே வைத்திருப்பதே அந்தப் பெண்ணுக்கு ஒருநாள் வேலை. நாற்பது வயதிருக்கும். பஸ் முழுக்க ஆளை ஏற்றத் தெரிந்த மனுஷருக்கு, மனைவியின் வயிற்றில் ஒரு கரண்டிக்கு இடம் பண்ணத் தெரியவில்லை.

வழியைக் காட்டியவன் ஒரு பிரயாணி. மாமல்லபுரம் கடற்கரையில் கீற்றுக் குடிசை போட்டு வாழ்ந்த தாடிக்கார வெள்ளைக்காரன். எருமைக்கன்று அளவு மூட்டையோடு ஏறுவான். எந்தக் கண்டக்டரும் அவனை ஏற்றமாட்டார், இவர் ஏற்றுவார். என்ன பாஷையில் பேசிக்கொண்டார்களோ, ஒருநாள் அவன் ஒரு பொட்டலம் காய்ந்த பூ கொடுத்தான். வயிற்றைத் தொட்டுக் காட்டி, கையைக் கன்னத்தில் வைத்துத் தூங்கிக் காட்டினானாம். அண்ணாத்த அதில் ஒரு சிட்டிகையைப் பாலில் காய்ச்சிக் கொடுத்தார். அன்றைக்கு அண்ணி ரசம் சாதம் கேட்டாள். பொட்டலம் தீர்ந்தபோது அவன் ஊருக்குப் போகிறவனாக இருந்தான். தீப்பெட்டியில் நாலைந்து விதைகளைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். முளைத்துப் பிழைத்தது ஒன்று.

குளியலறைக்குப் பின்னால், சுவரோரம், ஓட்டை விழுந்த சிமெண்ட் தொட்டியில் அது வளர்ந்தது. இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. செவ்வந்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போது அதன் முன்னால் குந்தியிருப்பார். செடி சுவர் உயரத்தைத் தொட ஆரம்பித்ததும், அண்ணியின் பழைய புடவைக் கரையை நாடாவாகக் கிழித்து, நடுத்தண்டை மெல்ல வளைத்து, தொட்டியைச் சுற்றி அடித்த முளைக்குச்சிகளில் கட்டினார். மஞ்சள் கரை, பச்சைக் கோடு. முடிச்சு ஒவ்வொன்றும் தளர்வாக, விரல் நுழையும்படி.

"இன்னா அண்ணாத்த, செடிக்கு விலங்கு போடறீங்க?"

"கூட்டத்த ஒழுங்கு பண்றேன் கோர்ட்டு. ஒசரமா கீறவன் முன்னாடி நின்னுக்கினா பின்னாடி கீறவனுக்கு வெயிலு ஏது? இவன் கொஞ்சம் குனியட்டும். குட்டை ஆளுங்கோ எல்லாம் எப்டி தலைய தூக்குறானுங்கோ பாரு."

பார்த்தேன். நிஜம்தான். ஒற்றைக் கம்பாகப் போயிருக்க வேண்டியது, தோகை விரித்து உட்கார்ந்த மயில் மாதிரி அகன்றிருந்தது. எல்லாக் கிளைக்கும் வெயில். அடியில் நிழலில் கிடந்த வெளிறிய இலைகளை விரலால் விலக்கிக் காட்டினார்.

"இவனுங்கள பாரு. உள்ள மறைஞ்சு குந்திகினு தண்ணிய மட்டும் குடிப்பானுங்கோ. வித்தவுட்டு. எறங்கு!" கிள்ளினார். "எறங்கு!" கிள்ளினார். விசில் ஊதாதது ஒன்றுதான் பாக்கி. இறக்கிவிட்ட இலைகளையும் வீணாக்காமல் முறத்தில் உலர்த்தினார்.

மூன்று வாரம் கழித்துக் கோர்ட்டில் ஒரு மதுவிலக்கு வழக்கின் சாட்சிப் பொருள் மூட்டையை என் மேஜைக்கு அருகில் பிரித்தார்கள். காய்ந்த செடி. அதே பல்லுப் பல்லான இலை. அதே வாசனை. அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தேன் என்று சொல்ல முடியாது. என் கால்கள் வந்தன, நான் பின்னால் வந்தேன். மண்டைக்குள் வாசகம் தயார்: "மேற்படி வீட்டின் பின்கட்டில் வசிக்கும் இரண்டாவது எதிரி, கோர்ட் ஊழியராக இருந்தும்..."

"அண்ணாத்த! அது கஞ்சா!"

"ஆமா. கத்தாத, செடி பயந்துக்கப் போவுது."

"எமர்ஜென்சி அண்ணாத்த! கேள்வி இல்லாம உள்ள போடுவான். எனக்கு வேலை போயிடும்!"

அவர் சிரிக்கவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "நாயம்தான். உனுக்கு பேஜாருன்னா இப்பவே புடுங்கிர்றேன். சொல்லு."

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. "ஏங்க, கஞ்சி இன்னும் கொஞ்சம் கீதா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் செடியைப் பார்த்தேன். அந்த வித்தவுட்டு இலையில் வந்த பசி அது. "எல சுமாருதான் கோர்ட்டு," என்றார் மெதுவாக. "பூவு தான் மருந்து. அது முத்தினா ஆறு மாசத்துக்கு கவலையில்ல." நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதைத்தான் அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அது சம்மதமா, பயமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

புரட்டாசியில் பூ வந்தது. "இன்னும் பத்து நாளு" என்றார் அண்ணாத்த. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஆறு மணி வண்டிக்குப் போய்விட்டார். அண்ணி தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்குத் தெருமுனையில் ஒரு ஜீப் வந்து நின்றது.

காக்கிச் சட்டைகள் இறங்கின. ஒருவன் கையில் நோட்டு. முதல் வீட்டுக் கதவில் ஏதோ எழுதிவிட்டு உள்ளே போனார்கள்; அடுத்த வீடு; அதற்கடுத்த வீடு. நான் பார்த்தது அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடி போடாமல் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வீடு வீடாகச் சோதனை!

முடிச்சுகளை அவிழ்க்க நேரமில்லை. வேரோடு பிடுங்கினேன். பாதி முளைக்குச்சிகளும் நாடாக்களும் கூடவே வந்தன. என் பாயில் வைத்துச் சுருட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினேன். ஊரை ஒட்டி ஏரி இருந்தது. எவனும் அதில் வீசியிருப்பான். ஆனால் நான் கோர்ட்டில் வேலை பார்ப்பவன் ஆயிற்றே! ஏரி இதே போலீஸ் ஸ்டேஷன் எல்லைக்குள் வருகிறது என்று என் மூளை எடுத்துச் சொன்னது. சாட்சிப் பொருளை எல்லை தாண்டி ஒழிக்க வேண்டும். மாமல்லபுரத்தில் வீசினால் எவன் கேட்பான்? அங்கே கஞ்சா கடலில் கரைத்த உப்பு. இப்படி ஒரு சட்ட நுணுக்கத்தை என் வாழ்நாளில் வேறெப்போதும் யோசித்ததில்லை.

ஸ்டாண்டில் கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் தொற்றினேன். நீல பஸ். அது எப்போதோ போயிருக்க வேண்டியது; டயர் பஞ்சராகித் தாமதம்.

"அட, கோர்ட்டு! சமுத்திரக் குளியலா?" அவர் முகம் மலர்ந்தது. "யம்மா, கூடைய மடியில வச்சுக்கோ, கோர்ட்டு குந்தட்டும்."

மீன்கூடைப் பெண்ணுக்குப் பக்கத்தில் குந்தினேன். பாயை நட்டுக்குத்தலாகக் கட்டிக்கொண்டேன். திருக்கழுக்குன்றத்துக் கூட்டம் கழுத்துவரை நின்றது. டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தவர் என்னிடம் வந்ததும் நின்றார். பாயின் நுனியிலிருந்து ஒரு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் கரை, பச்சைக் கோடு, விரல் நுழையும் முடிச்சு.

பிறகு அந்த நாடாவை எடுத்து, யாருக்கும் தெரியாமல் பாய்க்குள் செருகினார்.

மீன்கூடைப் பெண் மூக்கைச் சுருக்கினாள். "இன்னா தம்பி பாயில? மலையாண்ட சாமியாருங்க கிட்ட அடிக்குமே, அந்த வாசன வர்து?"

நாலு தலைகள் திரும்பின. என் மண்டைக்குள் வாசகம் "பொதுமக்கள் முன்னிலையில் மேற்படி பொருள் கைப்பற்றப்பட்டு" வரைக்கும் போய்விட்டது.

"வேப்பந்தழ யம்மா," என்றார் அண்ணாத்த, இன்னொருவருக்கு டிக்கெட் கிழித்தபடி. "அவரு வூட்ல அம்மா வெளையாடினா. தண்ணி ஊத்தியாச்சு. படுத்த பாய சமுத்திரத்துல வுட எடுத்தும்போறாரு."

"தாயே!" என்று அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். முன்சீட்டு எழுந்தது. பின்சீட்டு எழுந்தது. மூச்சுவிட இடமில்லாத பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான் ஒருவன், மடியில் பாயோடு, மகாராஜாவாக. அவர் எனக்குப் பண்ணிக்கொடுத்ததிலேயே பெரிய இடம் அதுதான்.

மாமல்லபுரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு வந்தார்.

"போலீஸா?"

"ஜீப்பு அண்ணாத்த. காக்கி. வூடு வூடா எழுதிகினே வந்தாங்க."

"உன் மேல கைய வச்சானுங்களா?"

"இல்ல."

"அண்ணி?"

"தூங்கறாங்க."

பாயின் வாயை விலக்கிப் பார்த்தார். பூக்கள் நசுங்கியிருந்தன, விரலில் பிசுபிசுத்தன. "இன்னும் ஏழு நாளு," என்றார், அதனிடம். பிறகு என்னிடம், "அர மணி நேரம் கீது. நல்லதா நாலு மட்டும் கிள்ளிக்கிறேன்" என்று விரலைக் கொண்டுபோனார்.

நான் பாயை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"வேணாம் அண்ணாத்த! ஒரு எல கையில இருந்தாலும் கேஸ்தான்! எனக்குத் தெரியும், தினம் எழுதறேன்!"

அவர் கை அந்தரத்தில் நின்றது. பிறகு கீழே இறங்கியது. "படிச்சவன் சொல்ற. போட்டுட்டு வா," என்றார். தோளில் தட்டினார். "நீ இருந்ததால தப்பிச்சோம் கோர்ட்டு."

கடலில் வீசினேன். அலை திருப்பிக் கொண்டுவந்து என் காலடியில் போட்டது. மறுபடி வீசினேன். மறுபடி வந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா சார், தொவைக்கிறியா?" என்றார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கல்லைச் சேர்த்துக் கட்டி, அமுக்கினேன். அன்றைக்கு என்னிடம் இடமில்லை என்று சொன்னது கடல் ஒன்றுதான்.

அன்று அவருக்கு அந்த நடையோடு டியூட்டி முடிந்தது. மத்தியானம் இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தோம். தெருமுனையில் போலீஸ் இல்லை. வாசல் கதவில் நீலச் சாக்கட்டியால் தேதி எழுதி ஒரு கையெழுத்து. உள்ளே சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. ஒரு நெடி.

அண்ணி படுத்தபடியே சொன்னாள்: "மலேரியா ஆபீஸ்காரங்க வந்து கொசு மருந்து அட்ச்சிட்டுப் போனாங்க. பின்னால போனாங்க, செடி மேல பட்றப்போவுதுன்னு கத்தினேன். எழுந்துக்க முடியல. செடிக்கு ஒண்ணும் ஆவலியே?"

அவர் கதவிலிருந்த தேதியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"ஒண்ணும் ஆவல," என்றார். "நல்லா கீது. நீ தூங்கு."

பின்பக்கம் போய், நான் விட்டுவந்த முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கட்டாகக் கட்டி விறகோடு வைத்தார். நான் அறையிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டாவது எதிரி வாயைத் திறக்கவில்லை.

அவர் தேடாமல் இல்லை. கடற்கரைக் குடிசைகளைப் போலீஸ் காலிசெய்திருந்தது. மலையடிச் சாமியார் ஒருவரிடம் வாங்கிவந்ததில் என்ன கலந்திருந்ததோ, அண்ணிக்கு ரத்தமாக வாந்தி வந்தது. அதற்குப் பிறகு எதுவும் கொடுக்கவில்லை. எங்களுக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். விடியற்காலையில் அவர் வேலைக்குக் கிளம்புமுன் அண்ணி கேட்பது எனக்குக் கேட்கும்.

"பூ முத்திச்சா?"

"இன்னும் ரெண்டு நாளு."

கார்த்திகை முழுக்க இரண்டு நாள். மார்கழி முழுக்க இரண்டு நாள். அவள் கணக்குத் தெரியாதவள் அல்ல. ஆனால் ஒருநாளும் "நேத்தும் அதத்தான சொன்ன?" என்று கேட்டதில்லை. நான் தலையணையைக் காதில் வைத்துக்கொண்டு, என் மண்டைக்குள் ஓடும் குற்றப்பத்திரிகைக்காகக் காத்திருப்பேன். எந்தெந்த அற்பத்துக்கோ ஓடியது, இதற்கு ஒரு வரி ஓடவில்லை. இதற்கான சட்டப்பிரிவு எங்கள் கோர்ட்டில் இல்லை.

தையில் அண்ணி போய்விட்டாள். அன்றைக்கு வந்த கூட்டத்தை வீடு தாங்கவில்லை. பஸ்ஸில் வருகிறவர்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள், மீன்கூடைப் பெண்கள் உட்பட. அண்ணியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணாத்த, வாசலில் வெயிலில் நிற்பவர்களைப் பார்த்ததும் எழுந்தார். பெஞ்சைச் சுவரோரம் தள்ளினார். ஒரு கிழவியைக் கைபிடித்து நகர்த்தினார். "உள்ள வாங்க. எடம் கீது," என்றார். என் முதுகையும் தொட்டு ஓர் அடி நகர்த்தினார். யாருடைய முதுகு என்று பார்த்துத் தொட்டாரா, தெரியாது.

நான் அடுத்த மாதமே வேறு இடத்துக்கு வாடகைக்குப் போய்விட்டேன். ஆபீசுக்குப் பக்கம் என்று காரணம் சொன்னேன். இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எங்கள் வீட்டில் என்னைத் தமாஷ் பேர்வழி என்பார்கள். இந்தப் பாய்க் கதையைப் பஸ் வரைக்கும் சொல்லி நிறுத்திக்கொள்வேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாமல்லபுரத்தில் அவர் விரல் அந்தரத்தில் நின்றதை யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணி போன பிறகு வந்த பங்குனியில் ஒருநாள் அவருடைய பஸ்ஸில் ஏறினேன். வேண்டுமென்றேதான் ஏறினேன். இரண்டு மாதமாகத் தயார்செய்த ஒரு வாக்கியம் என்னிடம் இருந்தது. கூட்டம் நெருக்கியது. டிக்கெட் கிழித்துக்கொண்டே என்னிடம் வந்தார். நரைத்திருந்தார்.

"எங்க போவணும் சார்?"

சார். இரண்டு வருஷம் நான் அவருக்குக் கோர்ட்டு.

"அண்ணாத்த," என்றேன். "அன்னிக்கி அந்தப் பூவை..."

அவர் டிக்கெட்டைக் கிழித்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினார். குரலில் கோபம் இல்லை. ஏறுகிற எல்லோரிடமும் பேசுகிற அதே குரல்.

"பின்னாடி ஆளு ஏறுது சார். கொஞ்சம் உள்ள போங்க, எடம் கீது."

உள்ளே போனேன். இடம் இருந்தது.